'மேட் இன் ஜப்பான்': எந்தப் பதிப்பை வாங்குவது, எப்படிக் கேட்பது

பிரிட்டிஷ் ராக் குழுவான டீப் பர்ப்பிளின் ஒரே ஒரு ஆல்பம்தான் வாங்கப்போகிறேன் என்று யார் சொன்னாலும் 'மேட் இன் ஜப்பான்' வாங்கச் சொல்லிவிடலாம். அவர்களுடைய ஸ்டூடியோ ஆல்பமான 'மெஷின் ஹெட்' கூட அதற்கு அப்புறம்தான். இதில் இருப்பது ஏழே பாட்டு, ஓடும் நேரம் ஏறக்குறைய 76 நிமிடம். 1972 ஆகஸ்டில் மூன்று இரவுகளில் பதிவானது. பல ராக் குழுக்களுக்கு நேரடி ஆல்பம் என்பது ஸ்டூடியோவில் செய்ததைக் கைதட்டலோடு திரும்பத் தருவது. இங்கே அப்படியில்லை. ஸ்டூடியோவில் போட்ட பாட்டை இவர்கள் ஒரு சட்டகமாக மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதற்குள் எதை எவ்வளவு நேரம் வாசிப்பது என்பதை அன்றன்று மேடையில்தான் முடிவு செய்தார்கள். ஐம்பது ஆண்டுகள் தாண்டியும் புதிய கேட்பவர்கள் இதைத் தேடி வருவதற்குக் காரணம் அதுதான்.

அந்த நேரத்துக் குழுவில் ஐந்து பேர். இயன் கில்லன் குரல், ரிச்சி பிளாக்மோர் கிதார், ஜான் லார்டு ஆர்கன், ரோஜர் குளோவர் பேஸ், இயன் பெய்ஸ் டிரம்ஸ். இந்தக் கூட்டணியை ரசிகர்கள் 'மார்க் டூ' என்பார்கள். ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகா ஃபெஸ்டிவல் ஹாலிலும், 17 அன்று டோக்கியோ புடோகானிலும் வாசித்தார்கள். நேரடி ஆல்பம் கேட்டது ஜப்பானிய நிறுவனமான வார்னர்-பயனியர். அதுவும் ஜப்பான் சந்தைக்கு மட்டும். குழுவுக்குப் பெரிய ஆர்வம் இல்லை. எங்கள் பொறியாளர்தான் பதிவு செய்ய வேண்டும், நாங்கள் சம்மதித்தால்தான் வெளிவர வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பொறியாளர் மார்ட்டின் பர்ச். குழுவின் ஸ்டூடியோ ஆல்பங்களான 'இன் ராக்', 'மெஷின் ஹெட்' இரண்டையும் பதிவு செய்த அதே ஆள். பின்னாளில் அயன் மெய்டன் ஆல்பங்களைத் தயாரித்தவரும் இவரே.

பதிவுக் கருவி எட்டு டிராக் ரெக்கார்டர், அதாவது எட்டுத் தனித்தனித் தடங்களில் ஒலியைப் பதிவது. ஐந்து பேரின் இசையும் ரசிகர்களின் சத்தமும் அந்த எட்டுக்குள் அடங்க வேண்டும். பின்னால் ஸ்டூடியோவில் உட்கார்ந்து குரலையோ கிதாரையோ திருத்திச் சேர்க்கவில்லை. நேரடி ஆல்பம் என்று விற்றதில் பாதியை ஸ்டூடியோவில் மறுபடி பாடிச் சேர்த்த குழுக்கள் அந்தக் காலத்தில் நிறைய. இந்த நேர்மைதான் இந்தப் பதிவின் முதல் பலம். செலவு சுமார் 3000 டாலர். அந்தத் தடங்களைச் சமன் செய்து ஒன்றாக்கும் மிக்ஸிங் வேலையை குளோவரும் பெய்ஸும் பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. பேஸும் டிரம்ஸும் வாசித்தவர்களே மிக்ஸ் செய்தும், தங்கள் கருவிகளைத் தூக்கி வைக்காமல் விட்டது பெரிய மனசு. பேஸ் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றும்.

மூன்று இரவுகளிலிருந்து பொறுக்கியதில் பெரும்பகுதி 16ஆம் தேதி ஒசாகாவுடையது. 'தி மியூல்', 'லேசி' இரண்டும் டோக்கியோ. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' மட்டும் முதல் நாள் ஒசாகா. மற்ற இரண்டு இரவுகளிலும் அதன் தொடக்கத்தை பிளாக்மோர் சரியாக வாசிக்கவில்லை என்பதால்தான் முதல் நாளுக்குப் போனார்கள். உலகத்திலேயே அதிகம் பேர் வாசித்துப் பழகும் ரிஃப் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சிறு கிதார் மெட்டு), அதை உருவாக்கியவர் கையிலேயே இரண்டு நாள் பிசகியிருக்கிறது. ஒவ்வொரு இரவும் அதை வேறு மாதிரி தொட்டுப் பார்க்கத் துணிந்தவருக்கு அப்படி ஆவது இயல்பு.

கேட்பதற்கு முன்னால் ஒரு வேலை. ஹெட்போனை இடம் வலம் சரியாக மாட்டுங்கள். இந்த மிக்ஸில் ஆர்கன் இடப்பக்கம், கிதார் வலப்பக்கம். மேடைக்கு எதிரே நின்று பார்த்தால் லார்டும் பிளாக்மோரும் இருக்கும் இடமும் அதுவே. நடுவில் குரல், பேஸ், டிரம்ஸ். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள புளூடூத் பெட்டியில் போட்டால் இந்தப் பிரிவு காணாமல் போய், ஆர்கனும் கிதாரும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து சேறாகிவிடும். 'இரைச்சலாக இருக்கிறது' என்று இந்த ஆல்பத்தைக் கீழே வைப்பவர்களில் பலர் இப்படிக் கேட்டவர்கள்தான். பேஸ் பூஸ்ட் வேண்டாம். பதிவின் அடிப்பகுதி ஏற்கெனவே தடிமனாக இருப்பதால் பெய்ஸின் கால் டிரம்மும் குளோவரின் பேஸும் கலந்து குழம்பும். ஈக்வலைசரைத் தொட்டே தீர வேண்டும் என்றால் நடுப்பகுதியை ஒரு படி ஏற்றுங்கள்.

ஆர்கன் ஏன் கிதார் மாதிரி உறுமுகிறது என்று முதல்முறை கேட்பவர்கள் குழம்புவதுண்டு. லார்டு தன் ஹம்மண்ட் ஆர்கனை, வழக்கமான சுழலும் லெஸ்லி ஸ்பீக்கரோடு நிறுத்திக்கொள்ளாமல், கிதாருக்கு உரிய மார்ஷல் ஆம்ப்ளிஃபையருக்குள் செலுத்தினார். வால்வுகள் தாங்க மாட்டாமல் ஒலி கிழிகிறது. அந்தக் கிழிசல்தான் அவருடைய முத்திரை. எதிரே பிளாக்மோர் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரை 200 வாட் மார்ஷல் மேஜரில் வாசிக்கிறார். பாதி நேரம் யார் வாசிப்பது என்று காதால் பிரிக்க முடியாத அளவுக்கு இருவரும் நெருங்கி வருவார்கள். இடம் வலம் தெரிந்தால் மட்டுமே பிடிபடும்.

முதல் பாட்டு 'ஹைவே ஸ்டார்'. டிரம்ஸும் ஆர்கனும் மெல்லச் சூடேற்றிக்கொண்டே வந்து குழு முழுவதுமாகப் பாயும். இதன் கிதார் சோலோ டி மைனரில் தொடங்கி இறங்கும் சுரக்கோவைகள் கொண்டது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் காலத்துச் செவ்வியல் வார்ப்பு. எப்போதும் அந்த நேரத்துக்குத் தோன்றியதை வாசிக்கும் பிளாக்மோர், இதை மட்டும் சுரம் சுரமாக முன்கூட்டியே அமைத்து வைத்தார். ஸ்டூடியோவில் இரண்டு கிதார்களாக அடுக்கிப் பதிவு செய்தது. மேடையில் இருப்பதோ ஒரே கிதார். அந்த மெலிவை லார்டின் ஆர்கனும் குளோவரின் பேஸும் சேர்ந்து மூடிவிடுகின்றன. வேகமும் ஸ்டூடியோவைவிடக் கூடுதல். ஆனாலும் நீளம் 6 நிமிடம் 42 விநாடி, ஸ்டூடியோவைவிட அரை நிமிடத்துக்கு மேல் அதிகம்.

'சைல்டு இன் டைம்' 12 நிமிடம் 17 விநாடி. தொடக்கத்தில் வரும் ஆர்கன் மெட்டு, இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே என்ற அமெரிக்கக் குழுவின் 'பாம்பே காலிங்'கிலிருந்து எடுத்தது. கில்லன் இங்கே செய்வது சாதாரண வேலை இல்லை. முணுமுணுப்பில் தொடங்கி, அதே வரியை ஒரு படி ஏற்றி, மறுபடி ஏற்றி, கடைசியில் சொற்களே இல்லாத அலறலுக்குப் போகிறார். வெறும் அலறலாக இருந்தால் ஒரு முறைக்கு மேல் கேட்க முடியாது. ஒவ்வொரு படியிலும் சுருதி பிசகாமல் நிற்கிறது, அதுதான் மறுபடி கேட்க வைக்கிறது. அப்போது அவருக்கு வயது 26, 27. இந்தப் பாட்டைப் பாட வயது ஒரு நிபந்தனை என்பது அவருக்கே தெரியும். அதனால்தான் பின்னாளில் கச்சேரிப் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டார்கள். இந்தப் பாட்டு இந்த நிலையில் வேண்டும் என்றால் அந்தக் காலத்துப் பதிவுகளிடம்தான் போக வேண்டும்.

'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரில், அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரியின்போது சூதாட்ட விடுதி தீப்பிடித்து எரிந்ததைப் பற்றிய பாட்டு. ஒசாகாவில் இதை வாசிக்கும்போது பாட்டு ஆல்பத்தில் வெளியாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. இன்று போல ஊருக்கெல்லாம் தெரிந்த பாட்டு அல்ல. பிளாக்மோர் தனியாக ரிஃபைத் தொடங்குகிறார். பிறகு ஹை-ஹாட்டும் (டிரம்ஸின் ஜோடித் தாளத் தட்டு) ஆர்கனும், அதன்பின் ஸ்நேர் (சுரீரென்று ஒலிக்கும் சிறு டிரம்), கடைசியாக பேஸ். பேஸ் நுழையும் அந்த ஒரு கணத்தில் தரை கிடைத்த மாதிரி இருக்கும். இந்த அடுக்கு வரிசையைக் கவனித்துக் கேளுங்கள்.

கிதார் பழகுபவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்த ரிஃபைப் பவர் கார்டாகத் தடித்த கம்பிகளில் பிக்கால் அடிப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. பிளாக்மோர் வாசிப்பது டி, ஜி என்ற நடுக் கம்பிகள் இரண்டையும், அதுவும் முதல் சுரத்தைத் திறந்த கம்பியில். இரண்டுக்கும் இடையே நான்காம் இடைவெளி. பிக் வைத்து அடித்தால் ஒரு கம்பி முந்தியும் மற்றது பிந்தியும் ஒலிக்கும். அவர் விரல்களால் இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்து விடுகிறார். அதனால்தான் அந்தச் சுரம் ஒரே கட்டையாக வந்து விழுகிறது. இந்தப் பதிவில் வலது காதை மட்டும் வைத்துக் கேட்டால் அது தெளிவாகத் தெரியும். பாட்டின் கடைசியில் கிதாரும் ஆர்கனும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் பகுதி ஸ்டூடியோவில் கிடையாது. ஐந்தே முக்கால் நிமிடத்துக்குள் முடிந்த பாட்டு இங்கே ஏழரை நிமிடத்தைத் தாண்டுவது அதனால்தான்.

அடுத்தது 'தி மியூல்'. தொடங்கும் முன் கில்லன் மேடை மானிட்டரில் சத்தம் கூட்டச் சொல்கிறார். கூடவே எல்லாமே மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாக வேண்டும் என்று ஒரு கோரிக்கையும் கேட்கும். குழுவின் இயல்பை அதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. பாட்டு என்பது பேருக்குத்தான். முன்னும் பின்னும் சிறு மெட்டு, நடுவில் பெய்ஸின் தனி ஆவர்த்தனம். நம் கச்சேரிகளில் தனி வந்ததும் எழுந்து போகிறவர்கள் உண்டு, டிரம்ஸ் சோலோவுக்கும் ராக் ரசிகர்களில் பாதிப்பேர் அப்படித்தான். இதில் உட்கார்ந்து கேட்கலாம். பெய்ஸ் இடது கைக்காரர். பலம் அவருடைய ஸ்நேர் உருட்டலில் இருக்கிறது. சத்தத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே, லயம் துளியும் நகராமல் ஒற்றைக் கையிலேயே உருட்டுவார். டம்டம்மென்று பெரிய டிரம்களை மட்டும் அடித்து நேரம் கடத்தும் வேலை இல்லை.

'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்' இந்த ஆல்பத்தின் நடுநாயகம் என்பது இந்த விமர்சனத்தின் தரப்பு. ஸ்டூடியோவில் நான்கு நிமிடச் சிங்கிள். இங்கே 9 நிமிடம் 52 விநாடி. கூடுதல் நேரம் முழுவதும் ஒரே சங்கதிக்கு. பிளாக்மோர் ஒரு சிறு வரி வாசிக்கிறார், கில்லன் அதைக் குரலில் திருப்பித் தருகிறார். தொடக்கத்தில் இரண்டு மூன்று சுரம். பிறகு நீளம் கூடுகிறது, வளைவு கூடுகிறது, குரலுக்கு எட்டாத உயரத்துக்கு பிளாக்மோர் வேண்டுமென்றே இழுத்துப் போகிறார். கில்லன் விடவில்லை. கிதாரின் நெளிவை, நடுக்கத்தை, சறுக்கலைக்கூட அப்படியே குரலில் கொண்டுவருகிறார். இதைக் கேட்கும்போது பின்னால் பெய்ஸையும் குளோவரையும் கவனியுங்கள். இருவரும் சண்டைக்குள் நுழையாமல், ஆனால் தாளத்தையும் விடாமல் ஒதுங்கி நிற்கிறார்கள். அந்த ஒதுக்கம் இல்லாவிட்டால் இந்தப் பகுதி கூச்சலாகிவிடும். கடைசியில் வரும் நீண்ட அலறல் முடிந்து பாட்டுக்குத் திரும்பும் இடத்தில் ஐந்து பேரும் ஒரே அடியில் விழுகிறார்கள். ஒருவரை ஒருவர் உற்றுக் கேட்காத குழுவால் அங்கே விழ முடியாது.

'லேசி' ஆர்கன் உறுமலில் தொடங்கி, துள்ளிச் செல்லும் ஷஃபிள் தாளத்துக்கு வருகிறது. பிளாக்மோர் போகிற போக்கில் ஸ்வீடன் நாட்டு இசையமைப்பாளர் ஹூகோ ஆல்வேனின் 'ஸ்வீடிஷ் ராப்சடி'யிலிருந்து ஒரு துண்டைச் செருகுகிறார். கில்லனின் மவுத் ஆர்கனும் உண்டு. இதமான பத்து நிமிடம்.

கடைசிப் பாட்டு 'ஸ்பேஸ் ட்ரக்கின்' மட்டும் எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்வதற்கில்லை. 19 நிமிடம் 54 விநாடி, எல்பி இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுவதும். பாடும் பகுதி முதல் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருவது, 1968இல் இவர்கள் வாசித்த 'மாண்ட்ரேக் ரூட்' பாட்டின் மேடை விரிவாக்கத்தை இதன் வாலில் ஒட்டியது. லார்டு ரிங் மாடுலேட்டர் என்ற மின்னணுக் கருவியைக் கொண்டு ஆர்கனை உலோகச் சத்தமாக்குகிறார். நடுவில் ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் எழுதிய 'ஜூபிட்டர்' மெட்டும் எட்டிப் பார்க்கும். பிளாக்மோர் சத்தத்தை ஏறக்குறைய இல்லை என்னும் அளவுக்கு இறக்கி மறுபடி கட்டி எழுப்புகிறார். மேடையைக் கண்ணால் பார்க்கும்போது இந்த இடம் கட்டிப்போடும். காதால் மட்டும் கேட்கும்போது நடுவில் ஒரு தொய்வு இருப்பது உண்மை. முதல்முறை கேட்பவர்கள் இதை மற்ற ஆறு பாட்டுகளோடு ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். தனியாக இன்னொரு நாள் கேட்டால் அதன் ஏற்ற இறக்கம் பிடிபடும்.

குறைகள் இன்னும் உண்டு. பாட்டுகள் வெவ்வேறு இரவுகளுடையவை என்பதால் ஒவ்வொன்றும் மங்கி முடிந்து அடுத்தது தொடங்கும். ஒரு முழுக் கச்சேரியில் உட்கார்ந்திருக்கும் உணர்வு முதல் பதிப்பில் கிடைக்காது. கச்சேரி முடிந்தபின் வாசித்த கூடுதல் பாட்டுகளும் அதில் இல்லை. அட்டையின் முன்பக்கப் படம்கூட ஜப்பானில் எடுத்தது அல்ல, லண்டனில் எடுத்தது. ஜப்பானியப் பதிப்புக்கு மட்டும் வேறு அட்டை.

இனி எந்தப் பதிப்பு. முதல்முறை வாங்குபவர்களுக்கு ஏழு பாட்டு கொண்ட பழைய மிக்ஸ் ஒற்றை சிடி போதும். 76 நிமிடமும் ஒரே தட்டில் அடங்குகிறது. 1998 ரிமாஸ்டரில் (பழைய பதிவின் ஒலியை மெருகேற்றிய மறுபதிப்பு) இரண்டாவது தட்டு ஒன்று சேர்ந்தது. அதில் 'பிளாக் நைட்', 'ஸ்பீட் கிங்', 'லூசில்' என்ற மூன்று கூடுதல் பாட்டுகள் கிடைக்கும். விலை வித்தியாசம் பெரிதில்லை என்றால் இதையே எடுங்கள். மூன்று இரவுகளையும் ஒப்பிட ஆசைப்படுபவர்களுக்கு 1993இல் வந்த மூன்று சிடி 'லைவ் இன் ஜப்பான்' அல்லது 2014 பெட்டி. 2014 பெட்டியில் மூன்று கச்சேரிகளும் மார்ட்டின் புல்லன் புதிதாக மிக்ஸ் செய்த வடிவில் இருக்கின்றன, கூடுதல் பாட்டுகள் தனித் தட்டில். ஒரே பாட்டின் மூன்று வடிவங்களை அடுத்தடுத்து போட்டுக் கேட்டால் எது முன்கூட்டியே அமைத்தது, எது அந்த நேரத்தில் தோன்றியது என்று பிரித்துவிடலாம். பெட்டியின் விலைக்கு அதுவே நியாயம். பாட்டை ரசித்தால் போதும் என்பவர்களுக்கு அது தேவையில்லாத செலவு. 2025இல் ஸ்டீவன் வில்சன் செய்த மிக்ஸ் சரவுண்டு ஒலி அமைப்பு வைத்திருப்பவர்களுக்கே அதிகம் பயன்படும். அதைப் பழைய மிக்ஸுக்கு மாற்றாக எடுத்துக்கொள்ளாமல் இரண்டாவது பிரதியாக வாங்கலாம்.

ஸ்ட்ரீமிங்கில் ஒரே அட்டைப் படத்தோடு பல பதிப்புகள் வரிசையாக நிற்கும். ஏழு பாட்டு, கடைசிப் பாட்டு 19:54 என்று இருந்தால் அது முதல் பதிப்பின் வரிசை. பெயருக்குப் பக்கத்தில் மிக்ஸ் ஆண்டு எதுவும் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேடை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் பாட்டு முடியும் கைதட்டலின்மேல் அடுத்த பாட்டு ஏறி உட்காரும்.

இதற்குப் பிறகு எங்கே போவது என்றால், 1970, 1972 பிபிசி பதிவுகள் கொண்ட 'இன் கான்சர்ட்'. சின்ன அரங்கு, நெருக்கமான ஒலி. கில்லனுக்குப் பின் வந்த பாடகர் கவர்டேல் பாடும் 'மேட் இன் யூரோப்' நல்ல ஆல்பம்தான், ஆனால் அது வேறு ரத்தம். கில்லனும் குளோவரும் 1973 ஜூன் 29 அன்று குழுவைவிட்டுப் போனார்கள். அந்தக் கடைசிக் கச்சேரியும் ஒசாகாவில்தான் நடந்தது.

பழைய எல்பி தேடுபவர்கள் கவனிக்க வேண்டியது நான்காம் பக்கத்தை. பிரிட்டிஷ் முதல் பதிப்பின் எண் டிபிஎஸ்பி (TPSP) 351, பர்ப்பிள் ரெக்கார்ட்ஸ் முத்திரை, பொன்னிற அட்டை. இருபது நிமிடப் பாட்டின் உச்சம் தட்டின் உட்புறக் கோடுகளில் வந்து முடிகிறது. உட்புறம் போகப் போக ஒரு சுற்றின் நீளம் குறைவதால், சத்தமான இசை அங்கேதான் முதலில் கிழியத் தொடங்கும். தேய்ந்த ஊசியில் ஓடிய பிரதி என்றால் அந்தக் கடைசி மூன்று நிமிடம் ஆர்கனா இரைச்சலா என்று தெரியாது. கடைக்காரர் முதல் பக்கத்தைப் போட்டுக் காட்டினால், நான்காம் பக்கத்தின் முடிவையும் போடச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.